டோக்கன் அக்காவின் தாடை

என் நாத்தனாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுவேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். எனக்கும் அவருக்கும் ஆகாது. ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே அடுப்பில் சமைக்கிறோம், காலையில் ஒரே குளியலறைக்கு அடித்துக்கொள்கிறோம், ஆனால் ஆகாது. அவர் என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் இந்த வீட்டுக்கு வந்த அன்று அலமாரிச் சாவி அவர் இடுப்பில் இருந்தது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. வாங்கிவிடலாம் என்று எத்தனையோ வருஷம் பார்த்தேன், நடக்கவில்லை.

வெளியில் அவரை டோக்கன் அக்கா என்பார்கள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மருந்துக் கடைக்கு மேல் மாடியில் ஒரு பல் ஆஸ்பத்திரி இருக்கிறது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படி ஏறி வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அண்ணியின் முகத்தைத்தான். பெயர் எழுதுவது, டோக்கன் கொடுப்பது, எண்ணைக் கூப்பிடுவது, முந்திப் போகப் பார்க்கிறவரை அடக்குவது எல்லாம் அவர். மைக் கிடையாது, தேவையும் இல்லை. உள்ளே வாயைத் திறந்து படுத்திருப்பவர்கூட தன்னைத்தான் கூப்பிடுகிறார்களோ என்று எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்று டாக்டர் கேலி செய்வாராம். வீட்டிலும் அதே குரல்தான். எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டால் எதிர்வீட்டுக்காரர் போய்க் கை கழுவிக்கொள்வார்.

அந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கியபோது டாக்டரோடு இருந்தது அண்ணி ஒருத்தர்தான். அப்போது ஒரே ஒரு நாற்காலி. அதுவும் ஏற்றினால் இறங்காது, இறக்கினால் ஏறாது. தரையைப் பெருக்குவதிலிருந்து கருவிகளைக் கொதிக்க வைப்பது வரை அண்ணியே செய்தார். பிறகு நாற்காலிகள் கூடின, உதவிக்குப் பெண்கள் வந்தார்கள், கண்ணாடிக் கதவும் ஏசியும் வந்தன. அண்ணி மட்டும் அதே மேசையில் இருந்தார். டாக்டரைவிட அவருக்கு வயது அதிகம். டாக்டர் அவரை அக்கா என்று கூப்பிடுவார். அந்த ஒரு சொல்லுக்காக அண்ணி எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்தார் என்பது எனக்குத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு வேலை மொத்தமும் என் தலையில் விழுந்தது.

மேசையில் அவருக்கு இன்னொரு வேலை உண்டு. அதில்தான் அவர் கெட்டிக்காரர். உள்ளே அனுப்புவதற்கு முன் ஒவ்வொருவரையும் கேட்க வேண்டும். சுகர் இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா, இதயத்துக்கு ஏதாவது சாப்பிடுகிறீர்களா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உண்டா, வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள். பல்வலியோடு வருகிறவனுக்கு இந்தக் கேள்விகள் பிடிக்காது. பல்லைப் பிடுங்க வந்தவனிடம் சுகர் கதை எதற்கு என்று நினைப்பான். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடுவான். அண்ணி விடமாட்டார். சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருக்கும் மாத்திரை அட்டையைப் பார்த்துவிடுவார். காலில் இருக்கும் ஆறாத புண்ணைப் பார்த்துவிடுவார். ஒருத்தர் சத்தியம் செய்யாத குறையாக இல்லை என்றபோது, "அப்ப வீட்டம்மாவுக்கு ஒரு போன் போட்டுக் கேக்கட்டுமா?" என்றாராம். அந்த மனிதர் உடனே மூன்று வியாதிகளை ஒப்புக்கொண்டார்.

மறைக்கிறவர்களை அண்ணிக்குக் கண்டாலே ஆகாது. டாக்டரிடம் பொய் சொல்கிறவன் தன் வாயில் தானே மண் அள்ளிப் போட்டுக்கொள்கிறான் என்பார். சாப்பிடும்போதும் இதே பேச்சுதான். யார் என்ன மறைத்தார்கள், அதை இவர் எப்படிக் கறந்தார் என்று கேட்டுக் கேட்டு எனக்கு அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற அனுபவமே வந்துவிட்டது.

இனி எலும்புக் கதைக்கு வருகிறேன். அண்ணிக்கு மூச்சிரைப்பு உண்டு. அதற்காக ஸ்டீராய்டு மாத்திரைகளை ரொம்ப நாள் சாப்பிட்டார். அது எலும்பை உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. ஒரு மழை நாளில் ஆஸ்பத்திரிப் படியில் வழுக்கி, கையை ஊன்றினார். சாதாரணமாக ஊன்றியதுதான். மணிக்கட்டு முறிந்துவிட்டது. எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, உங்கள் எலும்பு உளுத்துப்போன மரம் மாதிரி இருக்கிறது, இப்படியே விட்டால் அடுத்தது இடுப்பு என்றார். வாரத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

அந்த மாத்திரைக்கு ஏகப்பட்ட சட்டதிட்டம். காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறைய வெறும் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அதன்பிறகு அரைமணி நேரம் எதுவும் சாப்பிடக்கூடாது, படுக்கக்கூடாது, குனியவும் கூடாது. மாத்திரை உணவுக்குழாயில் நின்றுவிட்டால் புண்ணாக்கிவிடுமாம். நிமிர்ந்து உட்கார்ந்தால் போதும் என்றுதான் சொன்னார்கள். அண்ணி நின்றார். எதையும் ஒரு படி அதிகமாகச் செய்தால்தான் அவருக்குத் திருப்தி.

முதலில் வீட்டில்தான் போட்டுக்கொண்டார். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு பெண் அரைமணி நேரம் சும்மா நிற்க முடியுமா? அந்தப் பாத்திரத்தை எடு, கீழே கிடக்கும் துணியை எடு என்று யாராவது ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அதனால் ஆஸ்பத்திரியில் வைத்துப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். திங்கட்கிழமை காலையில் முதல் ஆளாகப் போய்க் கதவைத் திறப்பார், மாத்திரையை விழுங்குவார், மேசைக்குப் பின்னால் விறைப்பாக நிற்பார்.

ஒரு திங்கட்கிழமை அவர் கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டார் என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். நான் மேலே போன நேரத்தில் டாக்டரும் வந்தார். அண்ணி நிற்பதைப் பார்த்துச் சிரித்தார். "எலும்பு மாத்திரையா அக்கா? யாரும் அக்காவை உக்கார வச்சுடாதீங்கப்பா" என்று உதவிப் பெண்களிடம் சொல்லிக்கொண்டே உள்ளே போனார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தார். வாராவாரம் இந்தக் கேலி உண்டு என்று அண்ணியே என்னிடம் பெருமையாகச் சொன்னார். என் காதால் கேட்டதை எழுதுகிறேன். பின்னால் இது தேவைப்படும் என்று அன்றைக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அங்கேயே நாலு பேரைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருப்பேன்.

வருஷங்கள் போயின. மாத்திரையை எப்போது நிறுத்த வேண்டும் என்று எலும்பு டாக்டர் சொல்லவில்லை, அண்ணியும் கேட்கவில்லை. எழுதிக்கொடுத்ததை ஒழுங்காகச் சாப்பிடுகிற நோயாளி என்று அவருக்கு அவரைப் பற்றியே ஒரு மெச்சல் வேறு.

பிறகு பல் வலித்தது. கீழ் வரிசையில் கடைசிக் கடைவாய்ப் பல். வறுத்த கடலையைக் கடித்ததில் விரிசல் விட்டுவிட்டது.

அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர்களுக்குப் பல் வலித்தால் ஒரு முறை இருந்தது. அவர்களுக்குச் சீட்டு எழுதுவது கிடையாது. மதியம் கூட்டம் வடிந்ததும், டாக்டர் சாப்பிடப் போவதற்கு முன், ஓர் இடைவெளி கிடைக்கும். அப்போது காலியாக இருக்கிற நாற்காலியில் ஏறிப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். டாக்டர் பார்த்துவிடுவார். பெருக்குகிற அம்மாவுக்கும் அப்படித்தான், உதவிப் பெண்களுக்கும் அப்படித்தான். நம்ம வீட்டு ஆளுக்கு எதுக்குச் சீட்டு என்பார் டாக்டர். அண்ணிக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். வெளி ஆள்தான் வரிசையில் நின்று பெயர் சொல்லி, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும், நாம் அப்படியா என்பார்.

அன்றைக்கும் அப்படித்தான் நடந்தது. அண்ணி மேசையிலிருந்து எழுந்து போய் நாற்காலியில் படுத்தார். டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டு வந்தார், மரத்துப்போக ஊசி போட்டார், பல்லை எடுத்தார். சுகர் உண்டா, பிரஷர் உண்டா, வேறு என்ன மருந்து என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற ஆள் நாற்காலியில் படுத்திருந்தார்.

பஞ்சைக் கடித்துக்கொண்டு மறுபடி வந்து மேசையில் உட்கார்ந்து, மிச்ச டோக்கன்களை விரலால் சைகை காட்டியே கூப்பிட்டு முடித்தாராம். அன்று மாலை எனக்குத்தான் நிம்மதி, வீடு அமைதியாக இருந்தது.

பல் எடுத்த குழி மூடவில்லை. மற்றவர்களுக்கு ஒரு வாரம், பத்து நாளில் சதை வளர்ந்துவிடும். அண்ணிக்கு வளரவில்லை. டாக்டர் கழுவினார், மருந்து வைத்து அடைத்தார், சில பேருக்கு இப்படித்தான் காய்ந்துபோகும், சரியாகிவிடும் என்றார். மாதம் ஒன்று போனது, இரண்டு போனது. நாக்கால் தொட்டால் குழிக்குள் ஏதோ சொரசொரப்பாகத் தட்டுப்படுகிறது என்றார் அண்ணி. அது எலும்பு. தாடை எலும்பு சதை இல்லாமல் வாய்க்குள் வெறுமையாக நின்றது. பிறகு வாடை வர ஆரம்பித்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசினார், பிறகு தள்ளி உட்கார்ந்தார், பிறகு எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதையே விட்டுவிட்டார். கீழ் உதட்டில் ஒரு பாதி மரத்துப்போனது. டீ குடித்தால் ஓரத்தில் வழிவது அவருக்கே தெரியாது.

தாடைக்குக் கீழே வீங்கி ஒரு சின்ன ஓட்டை விழுந்து அதிலிருந்து சீழ் வந்தபோது, டாக்டர் அவரை முன் மேசையிலிருந்து எடுத்தார். எப்படி எடுத்தார் என்று கேளுங்கள். "அக்கா, உங்களுக்குக் கஷ்டமா இருக்கும். கொஞ்ச நாள் உள்ள கருவி கழுவுற ரூமைப் பாத்துக்குங்க." அவ்வளவு கரிசனம். பல் ஆஸ்பத்திரி வாசலில் தாடை அழுகிய பெண் உட்கார்ந்திருந்தால் மேலே ஏறி வருகிறவன் அப்படியே திரும்பிக் கீழே போய்விடுவான் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. முன் மேசைக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள், மைக்கும் வந்தது. அண்ணி ஜன்னல் இல்லாத அந்த அறையில் நின்று பல் பிடுங்கும் குறடுகளைக் கழுவினார். வீட்டுக்கு வந்து, புதுப் பெண் கேள்வி கேட்கிற லட்சணத்தைப் பற்றிப் புலம்பினார். கடைசியில் அந்த அறையும் வேண்டாம், வீட்டில் ஓய்வெடுங்கள் என்று சொல்லி, பெரிய பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகச் சொன்னார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டாக்டரை 'அவர்' என்று எழுத எனக்குக் கை கூசுகிறது. ஆனால் அண்ணி இதைப் படித்தால் வருத்தப்படுவார். அவருக்காக எழுதித் தொலைக்கிறேன்.

கல்லூரி ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். தாடை அறுவை செய்கிற பெரிய டாக்டர் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். எக்ஸ்ரே படத்தை விளக்கில் வைத்துப் பார்த்தார். முதல் கேள்வியே எலும்புக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்பதுதான். அண்ணி எல்லாவற்றையும் சொன்னார். எந்த மாத்திரை, எத்தனை வருஷம், மூச்சிரைப்புக்கு என்ன சாப்பிட்டார், ஒன்று விடாமல். பெரிய டாக்டர் நிதானமாக விளக்கினார். எலும்பு தினமும் கொஞ்சம் கரையும், கொஞ்சம் வளரும். இந்த மாத்திரை கரைவதை நிறுத்துகிறது, அதனால் இடுப்பும் முதுகும் முறியாமல் தப்பிக்கின்றன. மாத்திரை மேல் பழி போடாதீர்கள், அது இல்லாமல் இருந்தால் இந்நேரம் படுத்த படுக்கையாக இருந்திருப்பீர்கள். ஆனால் பல்லைப் பிடுங்கினால் தாடை தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டால்தான் புண் ஆறும். சில பேருக்கு, ரொம்ப அபூர்வமாக, அது நடக்காமல் எலும்பு செத்துப்போகிறது. ரொம்ப வருஷம் சாப்பிட்டவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கும் பயம் அதிகம். முன்பே தெரிந்திருந்தால் பல்லைப் பிடுங்காமல் வேர் சிகிச்சை செய்து பார்த்திருக்கலாம், பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்றாலும் அதற்கு வேறு எச்சரிக்கைகள் இருக்கின்றன, இனிமேல் செத்த எலும்பை அறுத்து எடுக்க வேண்டியதுதான் என்றார்.

பிறகு, எங்களை அனுப்பிய பல் டாக்டரோடு பேச வேண்டும் என்று எங்கள் முன்னாலேயே போன் போட்டார். அந்தப் பக்கம் பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. இந்தப் பக்கம் ஓஹோ, அப்படியா, சரி சரி என்று மட்டும் கேட்டது. போனை வைத்துவிட்டு அண்ணியைப் பார்த்தார். குரல் மாறியிருந்தது.

"ஏம்மா, பல்லாஸ்பத்திரியிலயே வேலை பாக்கறீங்க. நீங்களே டாக்டர்கிட்ட மாத்திரையை மறைச்சா எப்படி? நீங்க சொல்லவே இல்லைங்கிறாரு."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வாயைத் திறந்துவிட்டேன். மேசைக்கு அடியில் அண்ணி என் கையைப் பிடித்தார். மணிக்கட்டு முறிந்த அந்தக் கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். மறைத்தவன் எப்படி நிற்பான் என்று எனக்குப் பல தடவை நடித்துக் காட்டியிருக்கிறார், அதே மாதிரி இருந்தார்.

திரும்பி வரும்போது பேருந்தில் சண்டை போட்டேன். ஏன் என்னைப் பேச விடவில்லை என்று கேட்டேன். நம்ம டாக்டர் பதற்றத்தில் சொல்லியிருப்பார் என்றார் அண்ணி. தப்பு பண்ணிவிட்டோமே என்ற பயத்தில் வாயில் வந்ததைச் சொல்லியிருப்பார், நேரில் வந்து சொல்லிவிடுவார் என்றார். தாடை போவதைப் பற்றி அவர் பேசவில்லை. அறுவையைப் பற்றிக் கேட்கவில்லை. தனக்குத் தெரியும் என்று டாக்டர் தன் வாயால் அந்தப் பெரிய டாக்டரிடம் சொல்ல வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது. "நான் மறைச்சேன்னு மட்டும் இருக்கக்கூடாது" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்.

அறுவை நடந்தது. கீழ்த் தாடையில் இடது பக்கத்தில் ஒரு துண்டை எடுத்துவிட்டு உலோகத் தகடு வைத்துத் திருகினார்கள். முகம் ஒரு பக்கம் சரிந்தது. கஞ்சியும் மசித்த சோறும்தான் சாப்பாடு. பேச்சு போகவில்லை, ஆனால் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. அவர் தம்பி, அதாவது என் கணவர், கூடப் பிறந்தவர், அவருக்கே பாதி புரியவில்லை. கேட்டுவிட்டுத் தலையாட்டிவிட்டு நழுவிவிடுவார். எனக்குத்தான் புரிந்தது. நாள் முழுக்க அவரோடு மல்லுக்கட்டியது இதற்காவது உதவியது. உப்பு அதிகம், தரை ஈரமாக இருக்கிறது, சாவியை ஏன் தொட்டாய் என்று திட்டுவார். சில சமயம் எனக்கும் புரியாமல், என்ன சொன்னீங்க அண்ணி என்று கேட்பேன். மறுபடி திட்டுவார். திட்டையே இரண்டு தடவை கேட்டு வாங்கிக்கொண்ட மருமகள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

டாக்டர் வரவில்லை. கூட்டம் அதிகமாக இருக்கும், வெளியூர் போயிருப்பார், நம் வீடு தெரியாதே என்று வாரத்துக்கு ஒரு காரணத்தை அண்ணியே கண்டுபிடித்துக் கொடுத்தார்.

இடையில் ஆஸ்பத்திரியிலிருந்து பழைய உதவிப் பெண் ஒருத்தி பார்க்க வந்தாள். நல்ல பெண், அழுதாள். அழுதுகொண்டே தெரியாமல் ஒன்றைச் சொல்லிவிட்டாள். புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் டாக்டர் அண்ணியின் கதையைத்தான் சொல்கிறாராம். நோயாளி மறைத்தால் என்ன ஆகும் தெரியுமா, நம்ம டோக்கன் அக்காவே மாத்திரையை மறைத்துத் தாடையைத் தொலைத்தார், அதனால் துருவித் துருவிக் கேளுங்கள் என்கிறாராம். புதுப் பெண் அதைக் காத்திருக்கிறவர்களிடமும் சொல்கிறாளாம். வேலை சுத்தமாக நடக்கிறதாம், இப்போது யாரும் எதையும் மறைப்பதில்லையாம். திங்கட்கிழமைக் கேலியை வாராவாரம் கேட்டுச் சிரித்தவர்களில் இவளும் ஒருத்தி. உனக்குத் தெரியாதா, நீ ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். வேலை போய்விடும் அக்கா என்றாள். அதற்கு மேல் அவளை என்ன கேட்பது.

அவள் போனபிறகு அண்ணி அன்று முழுக்க ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. அது எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் டாக்டர் வந்தார். முன்னறிவிப்பு இல்லை. அண்ணி அவசரமாக முகம் கழுவி, சரிந்த பக்கத்தைத் துணியால் மறைத்துக்கொண்டு கூடத்தில் வந்து உட்கார்ந்தார். என் கணவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டாக்டர் ஒரு பை நிறைய ஆப்பிள் கொண்டுவந்திருந்தார். கடிக்கத் தாடை இல்லாதவருக்கு, பல் டாக்டர், ஆப்பிள். நான் வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தேன். முகத்தில் எறியவில்லை என்பதை என் நல்ல குணங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

புண் எப்படி இருக்கிறது, தூக்கம் வருகிறதா என்று விசாரித்தார். கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். தையல் நன்றாகச் சேர்ந்திருக்கிறது என்று மெச்சினார். பிறகு பெருமூச்சு விட்டு, என் கணவருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம்க்கா."

அண்ணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேச ஆரம்பித்தார். மெதுவாக, நீளமாக, ஒவ்வொரு சொல்லையும் உதட்டுக்குள்ளிருந்து தள்ளித் தள்ளிப் பேசினார். ஓரத்தில் எச்சில் வழிந்தது, துடைத்துக்கொண்டு மறுபடி பேசினார். இந்த நாளுக்காக எத்தனை தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது. டாக்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டார். புரியவில்லை. என்னைப் பார்த்தார்.

"என்ன சொல்றாங்க?"

அண்ணி சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை. என் கோபத்தைக்கூடச் சேர்க்கவில்லை.

"திங்கக்கிழமை திங்கக்கிழமை நான் மாத்திரை போட்டுட்டு நின்னது உங்களுக்குத் தெரியும் டாக்டர். தெரியும்னு அந்தப் பெரிய டாக்டர்கிட்டயும் நம்ம பொண்ணுங்ககிட்டயும் ஒரு தடவை சொல்லிடுங்க. நான் மறைக்கலைன்னு சொல்லிடுங்க. எனக்கு வேற எதுவும் வேணாம். உடம்பு தேறினதும் வேலைக்கு வந்துடறேன். அப்படிங்கிறாங்க."

டாக்டர் கார் சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றுவதை நிறுத்தினார். என் கணவரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். அண்ணியைப் பார்க்காமல் சிரித்தார்.

"வேலைக்கு என்னக்கா அவசரம். முன் மேசைன்னா பேசணுமே. முதல்ல நல்லா ரெஸ்ட் எடுங்க."

சொன்னதில் கடைசி வரிக்கு மட்டும் பதில். முன்னால் இருந்ததெல்லாம் அந்தக் கூடத்தில் யாரும் பேசாத மாதிரி ஆகிவிட்டது. நான் மறுபடி ஆரம்பிக்கப் போனேன். அவர் எழுந்துவிட்டார். இன்னொரு இடத்துக்குப் போக வேண்டும், எது வேண்டுமானாலும் தயங்காமல் கேளுங்கள் என்றார். என் கணவர் வாசல் வரை கூடவே போனார். அண்ணியும் எழுந்தார். கார் கிளம்பித் தெருமுனையில் திரும்புகிற வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

உள்ளே வந்ததும் நேராக என்னிடம்தான் வந்தார். ஏதோ சொன்னார். வழக்கத்தைவிடக் குழறியது. என்ன அண்ணி என்று கேட்டேன். மறுபடி சொன்னார். நான் முதலில் சொன்னது டாக்டர் காதில் விழவில்லையாம். நான் எப்போதும் படபடவென்று பேசுகிறவளாம். கடைசியில் சொன்ன வேலை விஷயம் மட்டும்தான் அவருக்குக் கேட்டிருக்கிறதாம். மற்றதும் காதில் விழுந்திருந்தால் அவர் பதில் சொல்லாமல் போயிருக்க மாட்டாராம்.

"நீ சரியா சொல்லலை" என்றார்.

இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் எந்தத் தப்பையும் நான் அவரிடம் ஒப்புக்கொண்டது கிடையாது. பால் பொங்கினாலும் அடுப்பு சரியில்லை என்பேன். பதிலுக்கு வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். முகத்தை மறைத்திருந்த துணி விலகி, இல்லாத தாடையின் பக்கம் அப்படியே தெரிந்தது. கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. நான் ஆமாம் என்று சொல்ல வேண்டும் என்று கெஞ்சின. என்னிடம் அவர் எதற்காகவும் கெஞ்சியதில்லை.

"ஆமா அண்ணி. நான்தான் சரியா சொல்லலை."

அவர் தலையை ஆட்டினார். அடுத்த தடவை டாக்டர் வரும்போது அவசரப்படாமல், நிதானமாக, முதலிலிருந்து சொல் என்றார். சரி என்றேன்.